முகநூல் விளையாட்டுகள் ஏன் விடாமல் பிடித்துக்கொள்கின்றன? இலவசத்துக்கு நாம் கொடுக்கும் விலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த விளையாட்டுகளைப் பற்றிய கேள்விகள் இவை?

நண்பர் ஒருவரின் பெயரோடு வந்து நம்மைக் கூப்பிடும் விளையாட்டுகளைப் பற்றி. ஃபார்ம்வில், மாஃபியா வார்ஸ், சிட்டிவில், கேண்டி க்ரஷ் சாகா என்று ஒரு காலத்தில் நம் நோட்டிஃபிகேஷனை நிறைத்தவை. காசு கேட்காது, கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும், பாட்டியும் பேரனும் ஒரே நாளில் தொடங்கலாம். பண்ணை வைத்துப் பயிர் வளர்க்கும் விளையாட்டான ஃபார்ம்வில் 2009 ஜூனில் வந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மாதந்தோறும் 8 கோடிப் பேருக்கு மேல் அதில் விதைத்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். அது இயங்கிய ஃபிளாஷ் என்ற தொழில்நுட்பத்துக்கு ஆதரவு நின்றபோது, 2020 டிசம்பர் 31-ம் தேதியோடு அது முகநூலிலிருந்து போய்விட்டது.

பழைய விளையாட்டுகளை வைத்தே பெரும்பாலும் பேசப் போகிறேன். இன்று போனில் இருக்கும் பல இலவச விளையாட்டுகள் அவற்றின் உத்திகளைத்தான் கையாள்கின்றன. அதோடு, பழையவற்றின் கணக்குவழக்குகள் ஆவணங்களாகவும் வழக்குகளாகவும் வெளியே வந்துவிட்டன.

இலவசமாகக் கொடுக்கிறார்களே, வருமானம் எங்கிருந்து வருகிறது?

ஃபார்ம்வில்லை நடத்திய சிங்கா நிறுவனம் 2011 டிசம்பரில் பங்குச்சந்தைக்குப் போய் 100 கோடி டாலர் திரட்டியது. இரண்டு மாதம் கழித்து முகநூல் தன் பங்கு வெளியீட்டு ஆவணத்தைத் தாக்கல் செய்தது. 2011-ல் தனக்கு வந்த வருமானத்தில் 12 சதவீதம் சிங்காவால் வந்தது என்று அதில் எழுதியிருந்தது. விளையாட்டுக்குள் ஒருவர் 100 ரூபாய் செலவழித்தால் முகநூலுக்கு 30 ரூபாய்.

பணம் எல்லோரிடமும் வசூலாகவில்லை. ஆடுபவர்களில் மிகச் சிறிய பகுதியினரை நம்பித்தான் ஏறக்குறைய முழு வருமானமும் இருக்கிறது என்று சிங்காவே முதலீட்டாளர்களிடம் சொல்லியிருக்கிறது. அப்படி அள்ளிக் கொடுப்பவர்களை இந்தத் தொழிலில் திமிங்கிலங்கள் என்பார்கள். மற்ற கோடிக்கணக்கானவர்கள் எதற்கு? பண்ணையை அழகுபடுத்தினால் பார்க்க ஆள் வேண்டும், போட்டிக்கு ஆள் வேண்டும், புதியவர்களைக் கூட்டிவர ஆள் வேண்டும். காசு கொடுக்காதவர்கள் அந்த வேலையைச் சம்பளமின்றிச் செய்தோம்.

தொடக்க ஆண்டுகளில் இதைவிட மோசமான ஒரு வழியும் இருந்தது. 'இந்த அறிவுத்திறன் தேர்வை எழுதுங்கள், விளையாட்டுக் காயின் இலவசம்' என்று விளம்பரம் வரும். முடிவைத் தெரிந்துகொள்ள மொபைல் எண்ணைக் கொடுத்தால், மாதாமாதம் காசு பிடிக்கும் சந்தா ஒன்று சத்தமில்லாமல் தொடங்கிவிடும். 2009 இறுதியில் டெக்க்ரஞ்ச் இணையதளம் இதை வெளியே கொண்டுவந்தது. சிங்காவின் நிறுவனர் மார்க் பிங்கஸ், உடனடி வருமானத்துக்காக மோசமான வேலைகளையெல்லாம் செய்ததாக ஒரு கூட்டத்தில் பேசிய வீடியோவும் அப்போது வெளியானது. பிறகுதான் அந்த விளம்பரங்களை எடுத்தார்கள்.

வெறும் பொழுதுபோக்குதானே. ஏன் நிறுத்த முடியவில்லை?

மன உறுதி இல்லாததால் என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். நான் அதை ஏற்கவில்லை. இந்த விளையாட்டுகள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று பார்த்தால், நிறுத்தியவர்களைப் பற்றித்தான் வியப்பு வருகிறது.

முதலில் நேரத்தைப் பாருங்கள். ஃபார்ம்வில்லில் ஸ்ட்ராபெரி 4 மணி நேரத்தில் விளையும், நெல் 12 மணி நேரத்தில், கோதுமை 3 நாளில். விளைந்ததை வந்து அறுக்காமல் விட்டால் வாடிவிடும். காலை 10 மணிக்கு ஸ்ட்ராபெரி போட்டவர் பிற்பகல் 2 மணிக்கு அலுவலகத்தில் இருந்தாலும் திரும்பி வந்தாக வேண்டும். விதைத்தது நாம்தானே என்பதால் அந்த நேரத்தை நாமே முடிவு செய்தது போலத் தோன்றும். 2010-ல் பல்கேரியாவின் ப்ளோவ்டிவ் நகரில் ஒரு மாமன்ற உறுப்பினர் பட்ஜெட் கூட்டங்களின் நடுவே ஃபார்ம்வில்லில் பால் கறந்துகொண்டிருந்ததால் குழுவிலிருந்தே நீக்கப்பட்டார். அதற்கு முன்பே, 2008-ல் சீனாவில் 'ஹாப்பி ஃபார்ம்' என்ற விளையாட்டு பரவியிருந்தது. அதில் நண்பரின் தோட்டத்துக் காய்கறியைத் திருடலாம். விளையும் நேரம் நள்ளிரவில் வந்தால், அலாரம் வைத்து எழுந்து திருடினார்கள். தன் தோட்டத்தைக் காப்பாற்றவும் அதே நேரத்தில் எழுந்தார்கள்.

ஒரு பொருள் கிடைக்கும் மகிழ்ச்சியைவிட, அதே பொருள் கைவிட்டுப் போகும் வலி நமக்குப் பெரிது. உளவியலாளர்கள் டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979-ல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையின் மையமான கருத்துகளில் இதுவும் ஒன்று. வாடும் பயிர் அந்த வலியைத்தான் தொடுகிறது. இவ்வளவு நாள் உழைத்து வளர்த்ததை விட்டுவிட்டால் அத்தனையும் வீணா என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும். எவ்வளவு அதிகம் ஆடினோமோ அவ்வளவு அதிகம் விட மனம் வராது.

அடுத்தது, மிக முக்கியமானது: உறவு. நம் ஊர்க் கல்யாணங்களில் மொய் எழுதுவதை நினைத்துக்கொள்ளுங்கள். யார் எவ்வளவு வைத்தார் என்று நோட்டில் இருக்கும், அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பி வைக்காவிட்டால் முகத்தில் விழிக்க முடியாது. ஃபார்ம்வில் அந்த நோட்டைத்தான் திறந்தது. அத்தை மகள் ஒரு மரக்கன்று அனுப்புகிறாள். அது அவளுக்கு ஒரு பைசா செலவில்லாதது என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் திருப்பி அனுப்பாமல் இருக்க மனம் ஒப்பாது. பழைய நண்பர் நம் பயிருக்கு உரம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார், நாமும் போய்ப் போட வேண்டும். வழி தவறிய மாடு ஒன்று பண்ணைக்கு வந்து அழும், யாராவது வளர்க்கட்டும் என்று முகநூல் சுவரில் போட வேண்டும். நிலத்தை விரிவாக்கப் போதுமான அண்டை வீட்டார் சேர வேண்டும். சேராவிட்டால் காசு கட்டலாம். ஆளைக் கொண்டுவா, முடியாவிட்டால் பணத்தைக் கொண்டுவா. இரண்டில் எது நடந்தாலும் நிறுவனத்துக்கு லாபம்.

நான் சொல்ல விரும்பும் ஒரே விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டுகளின் மூலப்பொருள் நம் உறவுகள். கேட்டால் மறுக்க முடியாத அந்த மென்மையை, நம் வீட்டில் பெரியவர்கள் வளர்த்துவிட்ட அந்தக் குணத்தை, அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

விளையாட்டில் ஒன்றுமே இல்லாவிட்டால்கூட ஆடுவோமா?

ஆடினோம். அமெரிக்கப் பேராசிரியரும் விளையாட்டு வடிவமைப்பாளருமான இயன் போகோஸ்ட் 2010 ஜூலையில் முகநூலில் 'கௌ க்ளிக்கர்' என்று ஒன்றை வெளியிட்டார். இந்த வகை விளையாட்டுகளின் வெறுமையைக் காட்டுவதற்காகவே செய்தது. ஒரு மாடு நிற்கும். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அதை க்ளிக் செய்யலாம். அவ்வளவுதான். காத்திருக்காமல் க்ளிக் செய்யக் காசு, வேறு நிறத்தில் மாடு வேண்டுமானால் காசு, நண்பர்களைச் சேர்த்தால் கூடுதல் புள்ளி. ஆயிரக்கணக்கில் தொடங்கி 50,000 பேருக்கு மேல் ஆடினார்கள். 2011 செப்டம்பரில் மாடுகளை எல்லாம் அவர் மறைத்துவிட்டார். காலியாகக் கிடந்த இடத்தையும் சிலர் தொடர்ந்து க்ளிக் செய்தார்கள்.

கேண்டி க்ரஷில் வாடுவதற்குப் பயிரே இல்லையே. அது எப்படி இழுக்கிறது?

வேறு கயிறு. மிட்டாய்களை வரிசை சேர்க்கும் அந்த விளையாட்டை 2012-ல் கிங் நிறுவனம் முதலில் முகநூலிலும் பிறகு போனிலும் வெளியிட்டது. ஐந்து உயிர், அதாவது தோற்க ஐந்து வாய்ப்பு. ஒன்று போனால் திரும்ப வர 30 நிமிடம். காத்திருக்க வேண்டும், அல்லது நண்பரிடம் கேட்க வேண்டும், அல்லது வாங்க வேண்டும்.

எந்த ஆட்டத்தில் ஜெயிப்போம் என்று முன்கூட்டியே தெரியாது என்பதுதான் அதன் பலம். எத்தனையாவது முறை அழுத்தினால் தீனி விழும் என்று தெரியாத விலங்கு, விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும் என்பதை உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் சென்ற நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார். ஸ்லாட் என்ற சூதாட்ட இயந்திரங்கள் இயங்குவதும் அப்படித்தான். ஒரே ஒரு மிட்டாய் மிச்சம் இருக்கும்போது நகர்வுகள் தீர்ந்துவிடும், உடனே 'தங்கக் கட்டி கொடுங்கள், இன்னும் ஐந்து நகர்வு' என்று திரை கேட்கும். முழுதாகத் தோற்றவர் எழுந்து போய்விடுவார். மயிரிழையில் தவறவிட்டவர் போக மாட்டார். கேட்க வேண்டிய நொடி எது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 2016-ல் ஆக்டிவிஷன் பிளிசார்ட் நிறுவனம் கிங்கை 590 கோடி டாலருக்கு வாங்கியது.

அந்த அழைப்புகள் நம் நாட்டில் எவ்வளவு தொல்லையாக இருந்தன என்பதற்கு ஒரு சாட்சி. 2015 அக்டோபர் 28-ம் தேதி டெல்லி ஐஐடியில் மார்க் ஸக்கர்பெர்க் மாணவர்களைச் சந்தித்தார். கேண்டி க்ரஷ் அழைப்புகளை எப்படி நிறுத்துவது என்று கேட்டார்கள். முன்கூட்டி ஆன்லைனில் திரட்டிய கேள்விகளில் அதுதான் அதிக வாக்கு வாங்கியது என்று அவரே சொன்னார், தீர்வு காணும்படி தன் குழுவுக்கு எழுதியதாகவும் சொன்னார்.

நான் ஒரு ரூபாய்கூடக் கொடுத்ததில்லை. எனக்கு என்ன நஷ்டம்?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்கிறார்கள், பெரும்பாலும் கொஞ்சம் பெருமையோடு.

நேரத்தைக் கணக்குப் போடுங்கள். ஒரு நாளைக்கு ஆறு தடவை, தடவைக்கு பத்து நிமிடம் என்றால் ஒரு மணி நேரம். ஆண்டுக்கு 365 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகப் பார்த்தால் 45 நாளுக்கு மேல். ஒரே மூச்சில் 45 நாள் கேட்டால் யாரும் கொடுக்க மாட்டோம். பத்துப் பத்து நிமிடமாகக் கேட்டதால் கொடுத்துவிட்டோம். அந்தப் பத்து நிமிடங்களும் எங்கிருந்து வந்தன? பஸ்ஸுக்கு நிற்கும்போது சும்மா யோசித்த நேரம், சாப்பிட்டுவிட்டு வீட்டாரோடு பேசிய நேரம், படுத்ததும் தூக்கம் வரும்வரை இருந்த நேரம்.

கவனம் சிதறுவது தனி. ஆடாத நேரத்திலும் 'உயிர் வந்திருக்குமே' என்று மனம் ஓரமாகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும். படிக்கும் பிள்ளைகளுக்கு ஆடும் நேரத்தைவிட இது பெரிய சேதம் என்பது என் எண்ணம்.

உறவிலும் ஒரு செலவு உண்டு. பல ஆண்டு பேசாத பள்ளித் தோழியிடமிருந்து செய்தி வருகிறது என்று ஆசையாகத் திறந்தால், உயிர் கேட்கிறாள். நாமும் யாருக்கோ அப்படி அனுப்பியிருக்கிறோம். பலர் பலரை 'மியூட்' செய்ததற்கு அந்த அழைப்புகள்தான் காரணம். அப்படி ஒதுக்கப்பட்டவருக்குக் கடைசிவரை அது தெரியவும் தெரியாது.

என் தகவல்களுக்கு ஏதும் ஆபத்தா?

ஆம், நடந்தே இருக்கிறது. 2010 அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ், ஃபார்ம்வில் உட்பட முகநூலின் பிரபல செயலிகள் பயனாளிகளின் அடையாள எண்களை விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிவந்ததை வெளியிட்டது. 2019 செப்டம்பரில் சிங்காவுக்குள் ஊடுருவியவர்கள், வேர்ட்ஸ் வித் ஃபிரெண்ட்ஸ் போன்ற விளையாட்டுகளின் சுமார் 17 கோடிக் கணக்குகளின் விவரங்களை எடுத்துப் போனார்கள். பெயர், மின்னஞ்சல், மறைகுறியாக்கிய கடவுச்சொல் எல்லாம் அதில் இருந்தன.

'உங்கள் குணம் என்ன' வகை வினாடி வினாக்கள் இன்னும் மோசம். அப்படி ஒரு குணத்தேர்வுச் செயலியை நிறுவியவர்கள் ஏறக்குறைய 2.7 லட்சம் பேர்தான். அவர்களின் நண்பர் பட்டியல் வழியாக 8.7 கோடிப் பேர் வரை தகவல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற தேர்தல் ஆலோசனை நிறுவனத்துக்குப் போயிருக்கலாம் என்று 2018-ல் முகநூலே ஒப்புக்கொண்டது. ஆடியவர் ஒருவர், அகப்பட்டவர்கள் அவருடைய ஊரே.

குழந்தைகள் தெரியாமல் பணம் செலவழிப்பது அடிக்கடி நடக்கிறதா?

நடக்கிறது. 2010-ல் பிரிட்டனில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் தன் சேமிப்பையும் அம்மாவின் கிரெடிட் கார்டையும் சேர்த்து 900 பவுண்டுக்கு மேல் ஃபார்ம்வில்லில் செலவழித்துவிட்டான். 2020-ல் பஞ்சாபில் 17 வயதுப் பையன் பப்ஜியில் பெற்றோரின் 16 லட்சம் ரூபாயைக் கரைத்த செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள்.

இதில் குழந்தையின் தவறு குறைவு. விளையாட்டுக்குள் விலை ரூபாயில் இல்லை, காயினிலும் வைரத்திலும் இருக்கிறது. ஒரு பொருளுக்கு 80 வைரம், ஆனால் விற்பது 100, 500, 1200 என்று கட்டுகளாக. மிச்சம் எப்போதும் கொஞ்சம் இருக்கும், அந்த மிச்சம் அடுத்த கட்டை வாங்கச் சொல்லும். பெரியவர்களுக்கே கணக்கு தப்பும். ஒருமுறை கடவுச்சொல் போட்டால் 15 நிமிடத்துக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் வாங்கலாம் என்று ஆப்பிள் வைத்திருந்தது. இதைப் பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2014-ல் குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித் தர ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு கூகுள் 1.9 கோடி டாலர். 2022-ல் ஃபோர்ட்நைட் நடத்தும் எபிக் கேம்ஸ், ஏமாற்றும் பொத்தான் அமைப்புகளுக்காக மட்டும் 24.5 கோடி டாலர்.

முகநூல் மீதும் பெற்றோர்கள் 2012-ல் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கின் உள் ஆவணங்கள் 2019-ல் வெளிவந்தன. பிள்ளைகள் பெற்றோருக்குத் தெரியாமல் செலவழிப்பதை ஊழியர்கள் அறிந்திருந்தார்கள் என்பதும், சிறுவர்களைக்கூடத் திமிங்கிலம் என்றே குறித்திருந்தார்கள் என்பதும் அவற்றில் தெரிந்தன. படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

அப்படிப் போன பணம் திரும்பக் கிடைக்குமா?

பல நேரம் கிடைக்கும், ஆனால் அன்றே இறங்க வேண்டும். கூகுள் ப்ளே வழியாக வாங்கியிருந்தால் 48 மணி நேரத்துக்குள் ரீஃபண்ட் கேளுங்கள், குழந்தை தெரியாமல் வாங்கியது என்பதையே காரணமாகத் தேர்ந்தெடுங்கள். ஐபோன் என்றால் ஆப்பிளின் 'ரிப்போர்ட் எ ப்ராப்ளம்' பக்கம். யுபிஐ செயலியில் 'ஆட்டோபே' பகுதியைத் திறந்து மாதச் சந்தா ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். யாரோ ஏமாற்றி எடுத்த பணம் என்றால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள். பிள்ளையை அடிக்க வேண்டாம். பயந்த பிள்ளை அடுத்த முறை மறைக்கும், 48 மணி நேரம் கடந்துபோகும்.

காயின் வைத்து ஆடும் ஸ்லாட், போக்கர் விளையாட்டுகள் சூதாட்டம் ஆகாதா? தடைச் சட்டம் வந்துவிட்டதே?

தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் நாடு முழுவதுக்கும் ஒரு சட்டம் வந்து, பணம் கட்டிப் பணம் எதிர்பார்த்து ஆடுவதைத் தடை செய்தது. அதே சட்டம் 'சமூக விளையாட்டு' என்ற வகையைத் தனியாகப் பிரித்து அனுமதிக்கிறது. காயினைக் காசு கொடுத்து வாங்கலாம், வென்ற காயினைக் காசாக்க முடியாது என்பதால் தாங்கள் சூதாட்டம் இல்லை என்று இந்த நிறுவனங்கள் சொல்கின்றன. காசு ஒரு பக்கமாகவே போகும், திரும்ப வராது என்பதைத் தங்களுக்குச் சாதகமான வாதமாக வைக்கிறார்கள்! அமெரிக்காவில் 2018-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், பிக் ஃபிஷ் கேசினோ என்ற இப்படிப்பட்ட விளையாட்டின் சில்லுகள் வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி மதிப்புள்ள பொருளே, ஆகவே அது சூதாட்டமே என்று தீர்ப்பளித்தது. நம் ஊரிலும் அப்படி ஒரு கேள்வி எழ வேண்டும் என்று விரும்புகிறேன்.

டெலிகிராமில் திரையைத் தட்டினால் காசு வரும் என்கிறார்களே?

2024-ல் ஹாம்ஸ்டர் காம்பாட் அப்படித்தான் பரவியது. மாதக்கணக்கில் வெள்ளெலியைத் தட்டினார்கள், நண்பர்களைச் சேர்த்தார்கள். செப்டம்பர் 26-ம் தேதி கிரிப்டோ டோக்கன் என்ற இணைய நாணயத்தைக் கொடுத்தபோது, பெரும்பாலோர் எதிர்பார்த்ததற்குப் பக்கத்தில்கூட அது வரவில்லை. ஃபார்ம்வில்லின் அதே அமைப்பு, மேலே கூலி என்ற ஆசை.

இவற்றில் நல்லதே இல்லையா?

இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மகளோடு வயதான அம்மாவுக்குப் பேச ஒரு சாக்கு கிடைத்தது. தனியாக இருப்பவர்களுக்கு நாளில் ஒரு பிடி கிடைத்தது. அதனால்தான் வீட்டில் யாராவது ஆடினால் கேலி செய்ய வேண்டாம் என்கிறேன். எந்த வெறுமையை அது நிரப்புகிறது என்று முதலில் பாருங்கள்.

என் அம்மா இரவு வெகுநேரம் ஆடுகிறார். இது நோயா?

நேரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆடுவதைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதுவே ஆகிவிடுவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் பொதுவாக 12 மாதமாவது நீடித்து வாழ்க்கையைப் பாதித்தால்தான் அந்தப் பெயர். பெரும்பாலோர் அந்த எல்லைக்குப் போவதில்லை. போய்விட்டதாகத் தோன்றினால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலங்கையில் 1926. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் ஒரு சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது.

நிறுத்த வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

நோட்டிஃபிகேஷனிலிருந்து. அந்த விளையாட்டின் நோட்டிஃபிகேஷனை அடைத்துவிட்டால், எப்போது வர வேண்டும் என்று அது நமக்குச் சொல்ல முடியாது. பிறகு கார்டையும் யுபிஐயையும் ப்ளே ஸ்டோரிலிருந்து நீக்குங்கள், அல்லது ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். உயிரும் பரிசும் அனுப்பிக்கொள்ளும் உறவினரிடம், இனி ஆடவில்லை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். இதைத்தான் பலர் தவிர்க்கிறார்கள், கூச்சம். அவர்களில் பாதிப் பேர் உங்களுக்காகத்தான் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

செயலியை போனிலிருந்து நீக்கினால் மட்டும் போதாது. முகநூலின் அமைப்புகளில் 'ஆப்ஸ் அண்டு வெப்சைட்ஸ்' என்ற பகுதிக்குப் போய் அங்கும் நீக்க வேண்டும். அதற்கு முன்பு அவர்கள் எடுத்த தகவல் அவர்களிடமே இருக்கும். அதை அழிக்கச் சொல்லி விளையாட்டு நிறுவனத்துக்கே எழுத வேண்டும், முகவரி அவர்களின் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தில் இருக்கும். எழுதும்போது உங்கள் விளையாட்டுக் கணக்கின் எண் தேவைப்படும், ஆகவே செயலியை நீக்குவதற்கு முன்பே அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.